பாறைல கோடு படுக்கையா இருந்தா சேஃப்னு யாரு சொன்னது?

போன மழைக்கு முன்னாடி நீலகிரில ஒரு வீட்டு சைட் பாக்கப் போயிருந்தேன். மலைய செங்குத்தா வெட்டி நிறுத்தியிருந்தாங்க, ஜேசிபி வேலை முடிஞ்சே போச்சு. மேஸ்திரி, "கோடெல்லாம் படுக்கையா அடுக்கி வச்ச மாதிரி இருக்கு பாருங்க சார், இது எங்க சரியப்போகுது"ன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, எதிர்ல நின்னு பாத்தா அப்படித்தான் தெரிஞ்சுது.

ஓரமா போயி பக்கவாட்டு வெட்டப் பாத்தேன். அதே கோடு அங்க 40 டிகிரி சரிஞ்சு நேரா நாங்க நின்ன இடத்துக்கே இறங்குது. ஓட்டு வீட்டுக் கூரைய வாசல்ல நின்னு பாருங்க, ஓட்டு வரிசை படுக்கையா இருக்கும், பக்கத்துல போனாத்தான் சரிவு தெரியும், அதே கதைதான். சாஞ்ச அடுக்குல சரிவுக்குக் குறுக்க, மட்டமா ஓடற திசைக்குப் பேரு ஸ்ட்ரைக். அந்தத் திசையிலயே வெட்டினா எவ்ளோ சாஞ்ச பாறையும் எதிர்ல நின்னு பாக்க சாது மாதிரிதான் தெரியும்.

ஸ்ட்ரெயின், அதாவது அழுத்தத்துல பாறை எவ்ளோ உருமாறியிருக்குன்னு படிக்கறப்போ முதல்ல அடி வாங்கறதே இதுலதான். பாறைல வெட்டின ஒரு முகத்துல உருண்டையா தெரியற கூழாங்கல்லு அடுத்த முகத்துல வெள்ளரிக்கா மாதிரி இழுபட்டுக் கிடக்கும், அதனால மூணு முகம் பாக்காம வாயத் தொறக்கக் கூடாது. பாறைய நசுக்கி இழுத்த அதே அழுத்தந்தான் தகடு தகடா உரியற மைக்காவையெல்லாம் ஒரே தளத்துல படுக்க வைக்குது, பாறை பிளக்கறதும் அங்கதான். அந்த சைட்ல கறுப்பு மைக்கா வரிய நகத்தால சொரண்டினேன், ஈரமா உதிர்ந்து வந்துச்சு. காஞ்ச பாறைத்தளத்துக்கே உராய்வு சுமாரா 30 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், இது 40, போதாததுக்கு ஈரம் வேற.

இத்தாலில வயோன்ட் அணைல மலையோட அடுக்கு நீர்த்தேக்கத்தப் பாத்து சாஞ்சிருந்துச்சு, நடுவுல மெல்லிசா களிமண் வரி. 1963 அக்டோபர் 9 ராத்திரி சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை மொத்தமா வழுக்கி தண்ணிக்குள்ள விழுந்து, அலை அணையத் தாண்டிப் போயி கிட்டத்தட்ட 2000 பேர் செத்தாங்க. அணை மட்டும் இன்னும் அப்படியே நிக்குது!

வெட்டறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருந்தா வீட்ட வேற பக்கம் திருப்பச் சொல்லியிருப்பேன், காசே ஆகியிருக்காது. இப்போ பாறைய உள்ள இறுக்கிப் பிடிக்க ராக் போல்ட் கம்பி, தண்ணி வடிய ஓட்டை, மேல ஒரு வாய்க்கால். ஓனர் எஸ்டிமேட்டப் பாத்துட்டு ரெண்டு நாள் பேசல, மூணாம் நாள்தான் போன் பண்ணி சரின்னாரு.