துபாய்க்குக் கிளம்பும் முன் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்

நான் திருச்சியில் பொது மருத்துவராக இருக்கிறேன். இந்த ஊரில் துபாயோடு தொடர்பில்லாத தெரு குறைவு. மகனையோ மகளையோ பார்த்து வரக் கிளம்பும் பெற்றோர்கள் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து, "டாக்டர், மூணு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க" என்பார்கள். புர்ஜ் கலீஃபா டிக்கெட்டு, பாலைவன சஃபாரி, எந்த மாலில் எந்த நாள் என்பதெல்லாம் பிள்ளைகள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். மருந்துப் பையை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 60 வயது தாண்டி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்து, துபாய் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அந்தப் பையைப் பற்றித்தான்.

நம் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் பல மாத்திரைகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம், டயசிபாம். வலிக்குத் தரும் டிரமடால். கோடீன் கலந்த இருமல் மருந்து. இவற்றைச் சொன்னால் பெரும்பாலோர் "அதெல்லாம் நான் சாப்பிடறதில்லை" என்பார்கள். அப்புறம் பையைக் கொட்டச் சொல்வேன். கால் எரிச்சலுக்காகச் சர்க்கரை நோயாளிகள் இரவில் போடும் மாத்திரை கட்டாயம் அதில் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின், கூடவே பிரிகாபலின். "இது நரம்புக்கு விட்டமின் மாத்திரைதானே?" என்று கேட்பார்கள். மெத்தில்கோபாலமின் விட்டமின்தான். பிரிகாபலின் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மூட்டு வலிக்கு வாங்கிய பாரசிட்டமால் அட்டையிலும் டிரமடால் சேர்ந்திருக்கலாம். அதனால் பிராண்டு பெயரை நம்ப வேண்டாம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட மருந்து உங்களுக்குத் தேவைதான் என்றால் கொண்டு போக வழி இருக்கிறது. அமீரக அரசு இணையம் வழியாகவே முன் அனுமதி தருகிறது. மருத்துவர் சீட்டு, நோய் விவரம் சொல்லும் கடிதம், பாஸ்போர்ட் நகல் இவற்றை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை உங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில், அச்சடித்த தாளில், முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை 30 நாள் அளவுக்கு மேல் எடுத்துப் போக வேண்டாம். அட்டையைக் கத்தரித்துச் சின்னச் சின்னத் துண்டாக்கி டப்பாவில் போடும் பழக்கத்தையும் இந்தப் பயணத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத மாத்திரையை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் யாருக்கும் எதையும் விளக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்கென்று யாராவது மருந்துப் பொட்டலம் கொடுத்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். கூச்சப்படும் நேரம் அதுவல்ல. இந்த விஷயத்தில் தவறினால் மருந்தைப் பறிமுதல் செய்வதோடு முடிந்தும் போகலாம், காவலில் வைக்கும் வரையும் போகலாம்.

மருந்தோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். தனிப் பொட்டலமாக யாரும் கொண்டு போக மாட்டார்கள். ஆனால் மகளுக்குப் பிடிக்குமே என்று வீட்டில் வறுத்து அரைத்த குருமா மசாலாப் பொடியில் அது இருக்கும். வெற்றிலையும் அப்படித்தான், சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சாப்பிட்டதும் வெற்றிலை போடும் பாட்டிகள் இதைக் கேட்டு முகம் சுருங்கிவிடுவார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு போன்றவற்றை நன்றாக மூடி, பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம்.

எந்த மருந்தானாலும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினுக்கு இது கண்டிப்பான விதி. சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்துபோன இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. துபாயில் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருந்து வரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். இன்சுலின் பேனாவைக் காரில் விட்டுவிட்டு மாலுக்குள் போகக் கூடாது. திறந்து பயன்படுத்தும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் வரை வெளியில் வைத்திருக்கலாம், ஏசி அறையே போதும். திறக்காதவை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். ஓட்டல் அறையின் குட்டிப் பெட்டி என்றால் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அந்த இடத்தில் உறைந்துவிடும். நேர வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய நேரம். முதல் நாள் மட்டும் சாப்பாட்டு நேரத்தோடு ஊசி நேரத்தையும் நகர்த்திக்கொண்டால் போதும்.

வழக்கமான மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று துபாய் உட்பட அமீரகத்தில் பெய்த மழை, அங்கே 75 ஆண்டுகளாகப் பதிவான மழையை எல்லாம் மிஞ்சியது. விமானங்கள் ரத்தாகி, பெட்டி ஓரிடம் ஆள் ஓரிடமாகப் பயணிகள் நாள் கணக்கில் விமான நிலையத்தில் கிடந்தார்கள். பாலைவன ஊரில் வெள்ளம் வருமா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சரி, வெயிலுக்கு வருவோம். "திருச்சிக்காரங்க பாக்காத வெயிலா டாக்டர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துபாய் கடலோரத்தில் இருக்கும் பாலைவன நகரம். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரிக்கு மேல் போவதோடு கடல் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, சூடு உள்ளேயே நிற்கும். ராத்திரி 10 மணிக்குக்கூட வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். நகரை விட்டு உள்ளே மணல் பக்கம் போனால் கதை நேர்மாறு. காற்று காய்ந்திருக்கும், வியர்ப்பதே தெரியாமல் உடம்பிலுள்ள நீர் போய்க்கொண்டிருக்கும்.

வெயில் பழக்கம் என்பதும் நாம் நினைப்பது போல் நிரந்தரமானதல்ல. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம், தினமும் சூட்டில் புழங்க வேண்டும். துபாயில் வீடு ஏசி, கார் ஏசி, மால் ஏசி, பஸ் நிறுத்தம்கூடப் பல இடங்களில் ஏசி. அப்படி இருந்துவிட்டு, ஒரு நாள் மட்டும் நண்பகலில் பழைய கடைத்தெருவைச் சுற்றினால் உடம்பு தாங்காது. வெயிலிலேயே வேலை பார்த்துப் பழகிய கட்டுமானத் தொழிலாளர்களையே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. சுற்றுலா போன 65 வயது அப்பா அந்த நேரத்தில் வெளியில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

என்னைக் கேட்டால் நவம்பரில் இருந்து மார்ச் வரைதான் வயதானவர்களுக்கு ஏற்ற காலம். கோடையில் ஓட்டல் வாடகை குறையும், ஆஃபரும் வரும். இங்கே பேரப்பிள்ளைகளுக்கும் மே மாதம்தான் லீவு. அதனால் அப்போதே கிளம்பிவிடுகிறார்கள். இதய நோய், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களிடம் மட்டும் நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: மிச்சமாகும் பணத்துக்காக மே மாதம் போகாதீர்கள்.

சில மாத்திரைகள் வெயிலில் வேறு மாதிரி வேலை செய்யும். பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து இருந்தால், அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரைக் கூட்டும் மருந்து இருக்கும். ஃபுரோசிமைடும் அந்த வகை. சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவையும் சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றும். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இவற்றைப் போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், சிலர் விழுந்தே விடுவார்கள். சளிக்குப் போடும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் சில, வியர்ப்பதையே குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வாந்தி, பேதி வந்தால் எந்த மாத்திரையை அன்றைக்கு நிறுத்தி வைப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

வயதானால் தாகம் எடுப்பது குறைந்துவிடும். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்ல கணக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். ஆனால் இதயம் பலவீனமாகி, "ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்தான்" என்று மருத்துவர் அளவு சொல்லியிருந்தால், பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள் என்று குடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் வெயிலில் போவதைக் குறைப்பதுதான் வழி.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கு. 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை கை கட்டி நிற்காதீர்கள். நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டுபோய், மேல் துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாரசிட்டமாலும் உதவாது, அது காய்ச்சலுக்கு உரியது.

கால்களுக்கு வருகிறேன். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் கடற்கரையில் நண்பகல் மணலில் வெறுங்காலோடு நடந்தால், சுட்டது தெரியாமலேயே பாதத்தில் கொப்புளம் வந்துவிடும். பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி அதோடு கிளம்புவதும் தவறு. துபாயில் வெயிலில் நடப்பது குறைவாக இருக்கலாம், ஏசிக்குள் நடப்பது அளவில்லாமல் இருக்கும். மெட்ரோ நிலையத்தில் இருந்து துபாய் மாலுக்குப் போகும் நடைபாலமே 800 மீட்டருக்கு மேல். பழகிய, முன்பக்கம் அகலமான செருப்போ ஷூவோ போட்டுப் போங்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் யாராவது பார்த்துவிட வேண்டும்.

அந்த மெட்ரோவில் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மீறினால் 100 திர்ஹம் அபராதம். சிவப்புப் பாதையில் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்சுலின் போடுகிறவர்கள் ஏறும் முன் சாப்பிட்டுவிடுங்கள். நடுவழியில் சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் அபராதத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த நிலையத்தில் இறங்கி ஊழியரிடம் சொல்லுங்கள். சாலையைக் கண்ட இடத்தில் கடக்கவும் கூடாது. அபராதம் 400 திர்ஹமில் தொடங்குகிறது, அதைவிட அங்கே வண்டிகள் வரும் வேகம் பயங்கரம்.

பாலைவன சஃபாரியில் கூடாரத்து மாலைப்பொழுது எல்லோருக்கும் ஏற்றது. அதற்கு முன் மணல் மேட்டில் டயர் காற்றைக் குறைத்து ஜீப்பை ஏற்றி இறக்குவார்களே, அது எல்லோருக்கும் அல்ல. கர்ப்பிணிகள், முதுகுத் தண்டில் டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதில் ஏற வேண்டாம். கண்புரை அறுவை முடிந்த சில வாரங்களில் போகிறவர்களும்தான். நேராகக் கூடாரத்துக்கே கொண்டு விடும் வண்டி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், இருட்டியதும் மணல் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். அங்கே மருத்துவமனைச் செலவு நம் ஊர்க் கணக்குக்கு அடங்காது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள், "நம்ம கடைக்காரர் தருவாரே" என்பது அங்கே செல்லாது. இன்னொன்று, அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்பு வேலை செய்யாது. என் நோயாளிகள் அங்கிருந்து அழைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். எழுத்தும் குரல் பதிவும் படமும் வந்து சேரும். அதனால் என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அல்லது பி.பி. அளவு, இப்போது போடும் மாத்திரை அட்டையின் பின்பக்கப் படம், இவ்வளவையும் ஒரே செய்தியாக அனுப்பினால் உங்கள் மருத்துவரால் இங்கிருந்தபடியே பாதி விஷயத்தைச் சொல்லிவிட முடியும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் இழுப்பு என்றால் செய்தி தட்டச்சு செய்து கொண்டிருக்காமல் 998.