35 நாளும் யார் கூட வருவது?

போன வாரம் எங்கள் மருத்துவமனைக்கு ஒருவர் வந்தார். வயது 66, கோவைப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர், நாக்கில் புற்றுநோய். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்கு மொத்தம் 35 முறை கதிர்வீச்சு. ‘கரண்ட் வைப்பது’ என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். 22 முறையோடு நின்றுபோனார். 9 நாள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது, உணவு ஊற்றுவதற்காக மூக்கு வழியாகப் போட்டிருந்த டியூப் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். வாயெல்லாம் புண், பேச முடியவில்லை. சீட்டில் எழுதிக் காட்டினார்: ‘கூட்டி வர ஆள் இல்லை.’

ஆள் இருந்தார். மூன்று தெரு தள்ளி, ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர். ஐம்பது வருடமாக இருவருக்கும் காலை டீ ஒரே கடையில். அவரிடம் வீட்டார் ‘அப்பா பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். பேத்திக்கு வரன் பார்க்கிறார்களாம், நோய் வெளியே தெரியக் கூடாதாம்.

இந்த வருடத்தில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம். இதுதான் கணக்கு. மகனுக்குக் கிடைக்கும் விடுப்பு பத்து நாள். மருமகள் வேலைக்குப் போகிறவர். உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடியோடு வந்து, சாப்பிட முடியாதவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. ஒன்பது நாள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 செவிலியர்களைப் பல வருடம் கவனித்து 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. நோய் வருமுன்பே நட்பும் உறவும் இல்லாமல் தனித்திருந்தவர்களுக்கு இறக்கும் அபாயம் 66 சதவீதம் கூடுதலாக இருந்தது. நட்பு கட்டியைக் கரைக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, அப்படிப் பரப்பிவிடாதீர்கள். கூட நின்று கவனிக்க ஆள் இல்லாததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். எங்கள் வராந்தாவில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

வீட்டாரை மட்டும் திட்டிப் பயனில்லை. விஷயம் தெரிந்தும் வராத நண்பர்கள் சொல்வது ஒரே வாக்கியம்: “அவனை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் தாங்காது, டாக்டர்.” கண் கலங்கித்தான் சொல்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் அங்கே கழுத்துத் தோல் கறுத்து உரிந்து, எச்சிலை விழுங்க முடியாமல் டப்பாவில் துப்பிக்கொண்டிருப்பவர், தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறார். நீங்கள் வராததற்குக் காரணம் பாசம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? தன்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது போலும் என்றுதான் நினைத்துக்கொள்கிறார். “நன்றாக இருந்த முகமாகவே நினைவில் இருக்கட்டும்” என்றார் இன்னொருவர். ஐயா, அவர் இறந்துவிடவில்லை, சிகிச்சையில் இருக்கிறார். சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தோல் ஆறும். பெரும்பாலோருக்கு டியூபையும் எடுத்துவிடுவோம். டீக்கடைக்குத் திரும்பி வருவார். அப்போது நீங்கள் எந்த முகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருவீர்கள்?

என்ன பேசுவது என்று தெரியவில்லையா? பேச வேண்டாம். அவராலும் பேச முடியாது. நூல் விலை ஏறியதைச் சொல்லுங்கள், ஊர்ச் சண்டையைச் சொல்லுங்கள், தலையாட்டுவார்.

கரண்ட் வைத்தவர் அருகில் உட்கார்ந்தால் நம்மேல் பாயாது. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றது. (தைராய்டு நோய்க்காகக் கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து குடித்தவர்கள் கதை வேறு, அவர்களைச் சில நாள் நாங்களே தனியாக வைப்போம்.) புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஆனால் உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது, குறிப்பாக அவர் கீமோவும் எடுத்துக்கொண்டிருந்தால். அவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள், இரவானாலும் அழைத்து வாருங்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாரோ சொன்ன முள்சீத்தா கஷாயம் வேண்டாம். ‘இப்படி இளைத்துவிட்டாயே’ வேண்டாம். சேர்ந்து புகையிலை போட்ட கூட்டாளி என்றால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வாருங்கள். வந்ததும் உங்கள் வாயையும் திறந்து காட்டுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், அது உங்கள் விருப்பம். யாரிடம் சொல்லலாம் என்று நோயாளியிடமே கேளுங்கள். ஒரு பெயராவது சொல்வார். அந்த ஒருவரிடம் பொய் சொல்லாதீர்கள்.

இவரிடமும் கேட்டேன். சீட்டைத் திருப்பிப் பெயரையும் எண்ணையும் எழுதினார், எண் மனப்பாடம். மறுநாள் காலை ஏழரைக்கே நண்பர் ஃபைலோடு வந்து நின்றார், என்மேல் கோபமாக, ஏதோ நான்தான் மறைத்தது போல. விட்ட நாள்களை ஓரளவு ஈடுகட்ட, சில நாள் காலையும் மாலையும் கரண்ட் வைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். நேற்று மதியம் நான் வெளியே வந்தபோது இருவரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். நண்பர் டியூபில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். சிரிஞ்சை மிகவும் தாழ்த்திப் பிடித்திருந்தார். உயர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஊற்றி முடித்தபின் அரை மணி நேரம் அவரைப் படுக்க விடக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.