எச்பிஎஸ்ஏஜி: ஒரே பரிசோதனைக்கு எத்தனை முறை பணம் கட்டுவது?

ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எச்பிஎஸ்ஏஜி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு லேபில் 200 ரூபாய் கேட்பார்கள், நாலு கட்டடம் தள்ளி 600 கேட்பார்கள். இரண்டு பேரும் ஏமாற்றுகிறார்கள் என்றில்லை. 200 ரூபாய்க்குச் செய்வது பெரும்பாலும் கார்டு டெஸ்ட். கால் மணி நேரத்தில் கோடு விழுகிறதா என்று கண்ணால் பார்ப்பது. 600 ரூபாய்க்குச் செய்வது எலைசா அல்லது சிஎல்ஐஏ மெஷினில். பரிசோதனை தேடும் ஆன்டிஜென் (கிருமியின் மேலுறைப் புரதம்) ரத்தத்தில் கொஞ்சமாக இருந்தால் கார்டு தவறவிடும். குறித்த நேரம் கடந்து கார்டைப் பார்த்தால் இல்லாத கோடும் மங்கலாகத் தெரியும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே "கார்டா, மெஷினா?" என்று கேளுங்கள். கார்டில் பாசிட்டிவ் வந்தால் மெஷினில் ஒரு தடவை உறுதி செய்யாமல் யாரிடமும் சொல்லிக் கலங்க வேண்டாம்.

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. ஆனால் முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில மெஷின்களில் எச்பிஎஸ்ஏஜி முடிவையே நெகட்டிவாகக் காட்டிவிடும். குறைந்தது மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது. லேப்களின் தரத்தை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த அங்கீகாரம் லேபின் எல்லாப் பரிசோதனைக்கும் மொத்தமாகத் தருவதல்ல, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத் தருவது. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அதன் விளக்கத்தைக் கீழே படியுங்கள்.

உண்மையில் பணம் வீணாகும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பாசிட்டிவ் என்று தெரிந்தவர் கீழாநெல்லி சாப்பிட்டுவிட்டு, பத்தியம் இருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே எச்பிஎஸ்ஏஜியை எடுத்து "நெகட்டிவ் ஆயிட்டா?" என்று கேட்கிறார். ஆறு மாதம் தாண்டியும் பாசிட்டிவாக இருந்தால் அது நாள்பட்ட தொற்று. அது தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். கீழாநெல்லி பற்றி 1988இல் சென்னையிலிருந்து நம்பிக்கையான ஓர் ஆய்வு வந்தது, ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. மெஷின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவுக்குப் பக்கத்தில் 3,000, 4,500 என்று ஓர் எண் இருக்கும். அது கிருமியின் எண்ணிக்கை அல்ல, மெஷினின் சிக்னல் அளவு. போன தடவையைவிட அந்த எண் ஏறிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம், குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

அந்தப் பணத்தை வேறு நாலு பரிசோதனைக்குச் செலவிடலாம்: எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி அடங்கிய கல்லீரல் பரிசோதனை, பிளேட்லெட்டுக்காக ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிருமி தீவிரமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, வயிற்று ஸ்கேன். எஸ்ஜிஓடியும் பிளேட்லெட்டும் கையில் இருந்தால் கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று மதிப்பிடும் ஏப்ரி என்ற கணக்கைக் காசில்லாமல் போடலாம். எஸ்ஜிஓடியை அதன் மேல் வரம்பால் வகுத்து, 100ஆல் பெருக்கி, ஆயிரத்தில் எழுதிய பிளேட்லெட் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எஸ்ஜிஓடி 80, வரம்பு 40, பிளேட்லெட் 1,50,000 என்றால் விடை 1.33. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 0.5ஐத் தாண்டினாலே மருந்து பற்றி யோசிக்க வேண்டும், 1ஐத் தாண்டினால் கல்லீரல் சுருக்கம் இருக்கலாம். எஸ்ஜிபிடிக்கு லேப் ரிப்போர்ட்டில் 40, 45 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். இந்த நோய்க்கு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்றே வரம்பு வைத்துப் பார்க்க வேண்டும்.

விலை கூடியது டிஎன்ஏ பரிசோதனை, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு. தனியாரில் ஏறத்தாழ 3,500 ரூபாயிலிருந்து 6,500 வரை ஆகும். மாதிரி பெரும்பாலும் வெளியூர் லேபுக்குப் போகும். ஒரு மில்லி ரத்தத்துக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் இருந்து எஸ்ஜிபிடியும் கூடியிருந்தால் மருந்து தேவை. பணம் இல்லாதவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். எஸ்ஜிபிடி விடாமல் கூடியே இருந்தால், டிஎன்ஏ எடுக்க வழியில்லாத இடத்தில் அதை வைத்தே மருந்து தொடங்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பேக்கேஜோடு வரும் ஐஜிஎம் பரிசோதனை புதிதாக மஞ்சள் காமாலை வந்தவருக்குத்தான் உதவும். பல வருடமாகப் பாசிட்டிவ் என்று தெரிந்தவருக்கு அது வெறும் செலவு.

இந்தச் செலவு எதுவுமே இல்லாத வழியும் இருக்கிறது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மருந்துகளும் இலவசம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ, தென்காசிப் பக்கம் என்றால் அங்குள்ள தலைமை மருத்துவமனையிலோ முதலில் கேளுங்கள். டிஎன்ஏ ரிசல்ட் வர நாள் ஆகலாம். மருந்து தொடங்கிய பிறகு காசுக்காக நடுவில் விடுவதுதான் ஆபத்து. கிருமி திரும்பிக் கிளம்பிக் கல்லீரல் செயலிழந்து போனவர்கள் உண்டு.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. விசா மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தகுதியில்லை என்றே சொல்லிவிடுவார்கள். ஏஜெண்டுக்குப் பணம் கட்டும் முன்பே உள்ளூரில் மெஷினில் பார்த்துவிடுங்கள். தடுப்பூசி போட்டு மூன்று வாரத்துக்குள் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். ஊசி மருந்தில் இருப்பதே அந்த ஆன்டிஜென் என்பதால் சில நாள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு தடவை பார்த்து, நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதங்களில் ஊசி. மூன்றுக்கும் சேர்த்து ஒரு டிஎன்ஏ செலவைவிடக் குறைவு.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிடுவார்கள். பாசிட்டிவ் என்றால் அவர்களுக்கு மட்டும் டிஎன்ஏவைத் தள்ளிப்போடக் கூடாது. 2,00,000 யூனிட்டைத் தாண்டினால் பிரசவத்துக்கு முன்பே டெனோஃபோவிர் தர வேண்டும். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம் அடங்கிய ஊசி. இந்த இரண்டாவது மருந்து விலை கூடியது, எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. எட்டாம் மாதத்திலேயே பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இருப்பு உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் முன்பே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.