‘மனசு சரியில்ல’ என்றால் எவ்வளவு சரியில்லை?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒருவனைக் கேலி செய்யப் பக்கத்து ஊர் பெயர் ஒன்றே போதும். செம்மோர் பக்கம் போய்க் கொஞ்சம் உள்ளே திரும்பினால் வரும் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இலிருந்து மனநல மருத்துவமனை இருக்கிறது. இப்போதைய பெயர் பஹாகியா மருத்துவமனை, பஹாகியா என்றால் மலாயில் மகிழ்ச்சி. பெயர் மாறியது, லயத்துப் பேச்சு மாறவில்லை. ஒருத்தர் நாலு நாள் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் "இவன ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று யாராவது சொல்ல, எல்லாரும் சிரிக்க, அதோடு சரி. அப்புறம் அந்த ஆள் வாயைத் திறப்பாரா என்ன?

நான் கடைத்தெரு மாடியில் படிவம் 3, 4 பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், மனநலத்தில் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் வாரத்துக்கு மூன்று மாலை அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருப்பதில் ஒன்று பிடிபட்டது. அவர்களிடம் மனசைப் பற்றிப் பேச இரண்டே சொற்கள் இருக்கின்றன. தாத்தா காலத்து ‘ரம்புத்தான் கேஸ்’ ஒன்று, டிக்டாக்கில் வந்த ‘டிப்ரெஷன்’ இன்னொன்று. வீட்டுப்பாடம் செய்யாதவன் "டிப்ரெஷன் சார்" என்று பல்லைக் காட்டுகிறான். மூன்று வாரமாக யாரோடும் பேசாமல் பென்சிலால் மேசையைக் கிறுக்கிக்கொண்டிருந்த பையனைக் கேட்டால் "சும்மா சார்" என்கிறான். இரண்டுக்கும் நடுவில் சொல்லே இல்லை.

இந்த நடு இடத்தை நிரப்புவதற்குப் பெயர்தான் மனநலக் கல்வியறிவு. சொல்லை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் அந்தோணி ஜோர்மும் அவர் குழுவும். 1997-இல் வெளிவந்த, 2,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஒரு பகுதியினரிடம் ஒரு சின்னக் கதை சொன்னார்கள்: ஒருவருக்குச் சில வாரங்களாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இவருக்கு என்ன பிரச்சினை? ஏதோ மனசு சம்பந்தப்பட்டது என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். மனச்சோர்வு நோய் என்று சரியாகச் சொன்னவர்கள் 39 விழுக்காடுதான். காய்ச்சல், டெங்கி, கைகால் முறிவு என்றால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது, மனசு விஷயத்தில் மட்டும் பலர் தடுமாறுகிறார்கள் என்பதுதான் ஜோர்மின் வாதம்.

பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற மாதிரி இதைப் பாடமாக்கியவர்களில் கனடாவின் மனநல மருத்துவர் ஸ்டான் கட்சர் முக்கியமானவர். அவர் கணக்குப்படி இதில் நாலு விஷயம் வரவேண்டும்: மனசை நல்லபடி வைத்துக்கொள்வது எப்படி, மனநோய்களும் சிகிச்சையும் என்னென்ன, நோய் வந்தவரை இளக்காரமாகப் பார்க்காமல் இருப்பது, உதவி எங்கே எப்படிக் கேட்பது. இதைவிட எனக்குப் பயன்பட்டது அவர் மனக்கஷ்டத்தை மூன்று படியாகப் பிரித்துக் காட்டுவதுதான். தினசரி வரும் சங்கடம் முதல் படி, வாழ்க்கையில் பெரிய அடி விழுந்து அதிலிருந்து எழ நாளாவது இரண்டாவது, மருத்துவம் தேவைப்படும் நோய் மூன்றாவது.

வகுப்பில் இதை அப்படியே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் ரப்பர் மரத்தை வைத்துச் சொன்னேன். (இப்போது பாதிப் பேர் வீட்டில் செம்பனை வேலைதான், பால்வெட்டைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் எல்லார் வீட்டிலும் வெட்டுக்குப் போன ஒரு பாட்டி இருக்கிறார்.) மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது, நாளைக்கு வெயிலடித்தால் சரியாகிவிடும். சோதனையில் தோற்பது, கூட்டாளியோடு சண்டை, காதலி பிளாக் செய்தது எல்லாம் அந்த மழை. கத்தி ஆழமாக இறங்கி மரத்திலேயே பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வளர்ந்து ஆற வருஷமாகும், பாட்டி செத்துப்போனது, அப்பா அம்மா பிரிந்தது அந்த மாதிரி. அப்புறம் பட்டை பார்க்க நன்றாக இருந்தும் வெட்டினால் பால் வராத மரம் ஒன்று உண்டு. அதை யாரும் சோம்பேறி மரம் என்று திட்டுவதில்லை, கத்தியை எடுத்துவிட்டு ஓய்வு கொடுத்துக் கவனிப்பார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், அப்ப எங்க அண்ணன் பால் வராத மரம்" என்றான், இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது படிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் சாதாரணமானதுதான். சோர்வோ ஆர்வமின்மையோ குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி இருக்க வேண்டும், கூடவே தூக்கம், பசி, கவனம், உடல்தெம்பு இவற்றிலும் மாற்றம் தெரிய வேண்டும், அன்றாட வேலையும் கெட வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வரலாம் என்பது. மருத்துவக் கையேட்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போகும் இந்தியப் பையன் நேராகக் கட்டொழுங்கு ஆசிரியர் அறைக்குத்தான் போவான், ஆலோசக ஆசிரியர் அறைக்குப் போவது ரொம்ப அபூர்வம். சம்செங், அதாவது ரவுடி, என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பேரை இப்படி விட்டிருப்போம் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பார்த்தீர்களா, நானே வயிற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். தமிழில் மனக்கஷ்டம் பெரும்பாலும் உடம்பில்தான் இருக்கிறது: நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, கைகால் ஓயுது, அடிவயிறு கலங்குது. இதைப் பின்தங்கிய பேச்சு என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. பயம் வந்தால் மூளைக்குள் ஆழத்தில் பாதாம் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி மணியடிக்கிறது, அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, குடல் இறுகுகிறது, ஆக வயிறு கலங்குவது உண்மையிலேயே கலங்குவதுதான். இப்போது அந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்தால் என்ன ஆகும்? மேத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப்படத்தைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது. அந்தப் பகுதியெல்லாம் முழுதாகத் தேற ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரை ஆகும், பதினைந்து வயதில் மணி சத்தமாக அடிக்கிறது, மணியை அமர்த்தும் கை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சரியான சொல் கிடைப்பது அந்தக் கைக்கு ஒரு பிடி.

நம் பிள்ளைகளுக்கு இங்கே கூடுதலாக ஒரு சிக்கல். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். ஆலோசக ஆசிரியரிடம் போனால் ‘தெகானான்’ (மன அழுத்தம்), ‘கெமுருங்கான்’ (மனச்சோர்வு) என்று மலாயில் சொல்ல வேண்டும், வாயில் வருவதோ ‘மனசு ஒரு மாதிரி இருக்கு’. அதனால் ஒரு மாலை முழுக்கக் கணக்கை மூடி வைத்துவிட்டு வெண்பலகையில் மூன்று மொழிக்கும் மூன்று பத்தி போட்டு உணர்ச்சிச் சொற்களை எழுதினோம். ‘கடுப்பு’ என்பதற்குள் மட்டும் ஏழு வகை கண்டுபிடித்தார்கள், அதில் நாலு கோபமே இல்லை, பயமும் அவமானமும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது, அதனால் பத்து மணிக்குப் படு என்றால் அவர்களால் முடிவதில்லை. தீபகற்ப மலேசியா 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும்புகிறது. தோட்டத்துப் பிள்ளை ஐந்து மணிக்கே எழுந்து கும்மிருட்டில் பள்ளி பஸ்ஸுக்கு நிற்கிறது, அப்புறம் வகுப்பில் தூங்கி விழுந்தால் சோம்பேறி. ஒரு பிள்ளையை நோயாளி என்று முடிவு கட்டும் முன்னால் எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று கேளுங்கள்.

சரி, இதை யாருக்குச் சொல்லிக் கொடுப்பது, ஆசிரியருக்கா பிள்ளைக்கா? ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள், முடிவு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. சில பள்ளிகளில் அபாய அறிகுறிகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி, சிலவற்றில் கேள்வித்தாள் கொடுத்து வல்லுநர்கள் சலித்தெடுப்பது, சிலவற்றில் மாணவர்களுக்கே நேரடியாகப் பாடம், மீதியில் சுவரொட்டி மட்டும். பாடம் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம்தான், அதில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்ப்பது. மூன்று மாதத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சுவரொட்டிப் பள்ளிகளில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 1.51 விழுக்காடு, பாடம் நடந்த பள்ளிகளில் 0.70. மற்ற இரண்டு முறைகளும் சுவரொட்டியைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, பிள்ளை முதலில் சொல்வது சாரிடமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் கூட்டாளியிடம்.

தற்கொலை என்ற சொல்லை எடுத்தாலே பிள்ளைக்கு அந்த எண்ணம் வந்துவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்து 2005-இல் வெளியிட்டதில், நேரடியாகக் கேட்டதால் எண்ணமோ வேதனையோ கூடவில்லை. கேட்பவர் பதறாமல் கேட்டு, பதிலைக் கேட்க உட்கார வேண்டும், அது முக்கியம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதையாவது செய்தால் நல்லதுதானே என்பது தப்பு. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000 பிள்ளைகளுக்கு மேல் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தியானப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், 2022-இல் வந்த முடிவு, வழக்கமான பாடத்தைவிட அது ஒன்றும் மேலாக இல்லை என்பது. லூசி ஃபோக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு கருதுகோள் வைத்தார்கள்: மனநோயைப் பற்றி ஓயாமல் பேசினால் சில பிள்ளைகள் முதல் படி மழையையே நோய் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப ஒதுங்கி, கடைசியில் உண்மையாகவே மோசமாகலாம். நிரூபணமான முடிவு இல்லை, ஆனால் "டிப்ரெஷன் சார்" கேட்டுக் கேட்டுக் காது புளித்த எனக்கு ஓரளவு நம்பத் தோன்றுகிறது. மண்டபத்தில் முந்நூறு பேரை உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் விழிப்புணர்வு உரை ஆற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட மூன்று படியைச் சொல்லிக் கொடுப்பது மேல்.

2022-இல் மலேசிய சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்வில் நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. உதவி ஒன்றும் நிலாவில் இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிச் சீட்டு எடுக்கலாம், மனநலத்துக்கும் அதே சீட்டுதான். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது, போலீஸ் வரும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. கூப்பிட்டுப் பேச உதவி எண்களும் இருக்கின்றன: 15555 ஹீல் எண், 15999 தாலியான் காசே, பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929. எல்லா எண்ணும் என் வெண்பலகையின் மூலையில் அழிக்காமல் இருக்கிறது.

ஆனால் எண் இருந்தால் போதாது, முதல் வாக்கியம் வேண்டும். அதனால் நடித்துப் பார்த்தோம். ஒருவன் ஆலோசக ஆசிரியர், ஒருவன் மாணவன், கதவு என்று ஒரு நாற்காலி. முதல் ஆள் கதவைத் திறந்து, "சாயா... சாயா..." (நான்... நான்...) என்று மலாயில் இழுத்து, சிரித்து, ஓடிவிட்டான். இரண்டாவது ஆளுக்கு வாயே வரவில்லை. மூன்றாவது தடவை அந்தப் பென்சில் பையன் எழுந்தான், நாற்காலிக்கு முன்னால் நின்று, யாரையும் பார்க்காமல், மலாயில் சொன்னான்: "டீச்சர், மூணு வாரமா எனக்குத் தூக்கம் வரல, யாருக்கிட்டயாவது பேசணும்." மறுநாள் காலை இடைவேளையில் அவனை உண்மையான கதவு வரை கூட்டிப் போனது முதலில் சிரித்து ஓடியவன்தானாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டானாம், இரண்டு பொட்டலமும்.