உதிர்ந்துபோகும் ‘ஆம்’

“நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல உன் ஆளு ஒரு பொண்ணோட நின்னுட்டிருந்தாராம்டி.”

தோழி சொல்லும் இந்த வாக்கியத்தின் உயிர் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘ஆம்’தான். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொய்யென்றால் என்னைக் கேட்காதே என்று அத்தனையையும் அந்தச் சின்ன விகுதி சுமக்கிறது. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்ட இலக்கணத்திலேயே வழி வைத்திருக்கும் மொழிகள் பல உண்டு. துருக்கியர்கள் வினையோடு ‘மிஷ்’ சேர்ப்பார்கள். நமக்கு ‘ஆம்’. மொழி இவ்வளவு கவனமாக ஒட்டிக் கொடுக்கும் அந்தச் சீட்டை நினைவு தொலைத்துவிடுகிறது. இரண்டு வாரம் போனால் அவள் மனதில் மிஞ்சியிருப்பது ‘நின்றானாம்’ அல்ல, ‘நின்றான்’.

இது எப்படி நடக்கிறது? 1951-ல் கார்ல் ஹோவ்லாண்ட், வால்டர் வைஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கட்டுரையை இரண்டு மாணவர் குழுக்களிடம் கொடுத்தார்கள். அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பது அலசிய விஷயங்களில் ஒன்று. எழுதியவர் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் என்று ஒரு குழுவுக்கும், சோவியத் நாளேடு பிராவ்தாவில் வந்தது என்று மற்றதற்கும் சொன்னார்கள். படித்த கையோடு கேட்டபோது, நம்பகமான பெயர் போட்ட கட்டுரைகளே அதிகம் பேரின் கருத்தை மாற்றியிருந்தன. நான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசத்தைக் காணோம். நம்பக்கூடாத இடத்திலிருந்து வந்த செய்திக்கும் நடுவில் மதிப்புக் கூடிவிட்டது. செய்தி மனதில் தங்கிவிட, சொன்னது யார் என்பது அதிலிருந்து கழன்றுகொண்டது.

வம்பு எல்லா இடத்திலும்தான் உண்டு. காதலில் மட்டும் ஏன் இத்தனை வேகமாக வேலை செய்கிறது? கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். வதந்தியின் வலிமை இரண்டு விஷயங்களின் பெருக்கல்: கேட்பவருக்கு அது எவ்வளவு முக்கியம், நிலவரம் எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். பக்கத்துத் தெருக்காரர் வேலையை விட்டாரா என்பது தெளிவில்லாவிட்டாலும் நமக்குத் தூக்கம் கெடாது. காதலிலோ இரண்டுமே உச்சத்தில் நிற்கின்றன. அதிலும் வீட்டுக்குத் தெரியாத காதல் என்றால் சரிபார்க்கும் வாசல்கள் எல்லாம் அடைபட்டிருக்கும். அவன் அம்மாவிடம் போன் போட்டு ‘நேத்து யாராவது ஊரிலிருந்து வந்தார்களா’ என்று கேட்க முடியாது. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனிடம் கேட்டால் ‘என்னை நம்பலையா?’ என்பான். கேட்பதற்கே ஒரு விலை இருக்கும்போது, விலையில்லாமல் கிடைப்பதை மனம் வாங்கிக்கொள்கிறது. அது வம்பு.

இனி, செய்தி வந்த வழி. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் ஒரு படத்தை ஒருவருக்குக் காட்டி, அவர் அதை அடுத்தவருக்கு விவரிக்க, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, சங்கிலியாகக் கடத்திப் பார்த்தார்கள். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் சுமார் 70 சதவீத விவரங்கள் உதிர்ந்துவிட்டன. எஞ்சியவை கூர்மையாகின, கேட்டவரின் எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி வளைந்தன. நம் பஸ் ஸ்டாண்டிலும் இதுதான். அந்தப் பெண்ணின் காலடியில் இருந்த பெரிய துணிப்பை, அவள் கையிலிருந்த ஹால் டிக்கெட், எந்த பஸ் என்று தெரியாமல் இரண்டு பேரும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாம் முதல் இரண்டு வாயிலேயே போச்சு. ‘ஒரு பொண்ணு’ மட்டும் தங்கிற்று. நான்காவது வாயில் கதைக்கு ஒரு குறை இருப்பது தெரிந்து, ‘கையைப் பிடிச்சுக்கிட்டு’ சேர்ந்தது. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. சொல்கிறவருக்குக் கதை முழுசாக வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்னால் அவள் என்ன செய்வாள்? மூன்று சாட்சி என்று எண்ணுவாள். மூவருக்கும் சொன்னது ஒரே தம்பிப்பயல் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காதென்று தோன்றுகிறது. 1977-ல் லின் ஹாஷரும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்களுக்குப் பொது அறிவுத் தகவல்களை இரண்டிரண்டு வார இடைவெளியில் மூன்று முறை கொடுத்து, எது உண்மையாக இருக்கலாம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். சில தகவல்கள் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்தவற்றுக்கு நம்பிக்கை மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிற்று. பழகிய முகத்தை நல்ல முகம் என்று நினைப்பதுபோல, பழகிய வாக்கியத்தை உண்மை என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

‘கண்ணால் பார்த்தவளுக்கு இந்தக் கவலை இல்லையே’ எனலாம். அங்கேயும் இடிக்கிறது. ஜெர்மனியில் ப்ளோன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் ஒருவருக்கொருவர் காசு கொடுக்கும் ஒரு விளையாட்டை ஆடினார்கள். எதிராளி முன்பு யாருக்குக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார் என்ற முழுப் பதிவும் கண்முன் இருந்தது. கூடவே அவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய ஒருவரி வம்பும் தரப்பட்டது. பதிவில் இல்லாத புதுத் தகவல் எதுவும் வம்பில் கிடையாது. அப்படியிருந்தும் நல்லதாகச் சொன்னால் கொடுப்பது கூடியது, கெட்டதாகச் சொன்னால் குறைந்தது. கண்ணுக்கு முன்னால் ஆதாரம் இருக்கும்போதே இப்படி.

இதற்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான சேதம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கு ‘ம்’ மட்டும் அனுப்புகிறாள். இரவு ஒரு மணிக்கு அவன் வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்க்கிறாள். இருக்கிறான், அவளோடு பேசத்தான் விழித்திருக்கிறான் என்றுகூட இருக்கலாம், ஆனால் ‘ஆன்லைன்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஜெரால்டின் டவ்னியும் கூட்டாளிகளும் 1998-ல் காதல் இணையர்களை ஆராய்ந்து இந்தச் சுழலை விவரித்தார்கள்: தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம் மிகுந்த பெண்கள், கருத்துவேறுபாட்டைப் பேசும்போது கூடுதல் கடுமையோடு நடந்துகொண்டார்கள், அந்தக் கடுமை துணைவரைக் கோபப்படுத்தியது, பயந்த விலகல் உண்மையிலேயே வந்தது. பொய்ச் செய்தி இப்படித்தான் தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ‘அவன் மாறிட்டான்’ என்று அவள் சொல்லும்போது அது பொய்யாகவும் இருக்காது.

ஊர் வாய் காதலை வளர்க்கும், நெருப்பில் வார்த்த நெய்போல, என்பது நம் பழைய அகமரபின் நம்பிக்கை. 1972-ல் அமெரிக்க ஆய்வொன்று கிட்டத்தட்ட இதையே சொன்னது. பெற்றோர் குறுக்கிட்டால் காதல் கூடுகிறது என்று கண்டு, ரோமியோ ஜூலியட் விளைவு என்று பெயரும் வைத்தார்கள். 2014-ல் அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சுற்றியிருப்பவர்களின் மறுப்பு காதலைத் தளர்த்துவதாகவே தெரிந்தது. நெய்யை விட்டுத் தண்ணீர்ப் பக்கம்தான் நான்.

சரி, உண்மை வெளிவந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 1994-ல் ஹோலின் ஜான்சனும் கோலீன் செய்ஃபர்ட்டும் ஒரு கிடங்குத் தீ விபத்துக் கதையைப் படிக்கக் கொடுத்தார்கள். அறையில் பெயின்ட் டப்பாக்களும் காஸ் சிலிண்டர்களும் இருந்ததாக முதலில் ஒரு தகவல். பிறகு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று ஒரு திருத்தம். திருத்தத்தைப் படித்து நினைவு வைத்திருந்தவர்களும், புகை ஏன் அவ்வளவு அடர்த்தி என்று கேட்டால் பெயின்டைக் காட்டினார்கள். ‘அது இல்லை’ என்ற மறுப்பு மட்டும் கதையில் ஓர் ஓட்டையைத்தான் விடுகிறது. அந்த இடத்தில் வேறொரு காரணத்தை வைத்தபோது பழையதன் பிடி தளர்ந்தது.

அதனால் ‘அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல’ என்று அவன் சத்தியம் செய்ததில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வாரம் அவள் நேராகவே கேட்டாள். அது சித்தி பெண். ஊரிலிருந்து பரீட்சை எழுத வந்தவள். அன்று ராத்திரி அவளைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். பை, ஹால் டிக்கெட், போர்டு என்று உதிர்ந்த விவரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் தோழியிடம் சொன்னாள். தோழி அதை அடுத்தவளிடம் கொண்டுபோனாள், உதட்டைச் சுழித்துக்கொண்டு:

“சித்தி பொண்ணாம்!”