13 டிகிரி குகைக்குள்ள வேர்த்துச்சுன்னா

அமெரிக்காவுல இருக்குற பிள்ளைங்களைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ஆறு மாசத்துக்கு மாத்திரை எழுதி வாங்க நிறைய அப்பா அம்மா எங்க கிளினிக்குக்கு வருவாங்க, மதுரையில சுகர் டாக்டரா இருக்குற எனக்கு இது வாராவாரம் நடக்குறது. அப்படிப் போயிட்டு வந்த ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர், வயசு 68, சொன்னார்: "ஒரு குகைக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க மேடம், உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு, எனக்கு மட்டும் சட்டை நனையுற அளவுக்கு வேர்வை, கை வேற நடுங்குச்சு. பயத்துலன்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல."

அது பயம் இல்ல, லோ சுகர், அதாவது ரத்தத்துல சுகர் ரொம்ப இறங்கிப் போறது.

அவர் போனது நியூ மெக்சிகோவுல இருக்குற கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் நேஷனல் பார்க். போன அக்டோபர்ல சார் மாதிரியே டல்லாஸ்லேருந்து ஆர்வி எடுத்துக்கிட்டு என் பையன் குடும்பத்தோட நானும் அங்க போனேன், அப்பதான் சாருக்கு அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு முழுசாப் புரிஞ்சுச்சு.

ஆர்வின்னா தெரியும்ல, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டி. பார்க்குக்குள்ள ஆர்வி போட்டுத் தங்க இடம் கிடையாது, வெளிய வைட்ஸ் சிட்டியில தங்கிட்டு காலைல 7 மைல் மலைப்பாதையில ஏறிப் போகணும். கிளம்புற அவசரத்துல ஒழுங்கா டிபன் பண்ண மாட்டாங்க. சாரும் அவர் வாட்ச்படி காலைல 7 மணிக்கு, சுகரை இறக்குற கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுட்டு ரெண்டு பிரெட், ஒரு காபியோட முடிச்சிருக்கார். குகைக்கு டிக்கெட் 10:30-க்கு, ஆனா நியூ மெக்சிகோ நேரம் டல்லாஸை விட ஒரு மணி நேரம் பின்னாடி, சார் கைக்கடிகாரமோ டல்லாஸ் நேரத்துலயே ஓடுது. அப்ப அவர் உடம்புக்கு அது 11:30. நேச்சுரல் என்ட்ரன்ஸ்ங்குற குகையோட இயற்கையான வாய் வழியா 1.25 மைல் இறக்கம், கிட்டத்தட்ட 750 அடி ஆழம், அதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். கீழ போனதும் பிக் ரூம்ங்குற பெரிய குகைக்கூடத்தைச் சுத்துறதுக்கு இன்னொரு 1.25 மைல், ஒன்றரை மணி நேரம். லிஃப்ட்ல மேல வந்து சோத்துல கை வைக்கும்போது அவர் வாட்ச்ல ரெண்டு மணி தாண்டிருச்சு. ஏழு மணி நேரம்! மாத்திரை பாட்டுக்கு அதோட வேலையைப் பாக்குது, கால் நடந்துக்கிட்டே இருக்கு, வயித்துல ஒண்ணுமில்ல.

உள்ள வருஷம் பூரா ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸ்தான், அந்தக் குளிர்ல உங்கப்பாவுக்கு நெத்தி வேர்த்தா, பேச்சு குழறுனா, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தா, மொதல்ல சுகரைத்தான் சந்தேகப்படணும். பிரஷருக்கு மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் சரியாத் தெரியாது, வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும். அந்த அரை வெளிச்சத்துல அதுவும் பக்கத்துல வர்றவங்க கண்ணுக்குப் படாது, கையைத் தொட்டுத்தான் பாக்கணும்.

நடைபாதையில வெறும் தண்ணியைத் தவிர எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சட்டம். அது நியாயமான சட்டம்தான். 2024-ல யாரோ பிக் ரூம்ல ஒரு சீட்டோஸ் நொறுக்குத்தீனி பாக்கெட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க, அந்த ஈரத்துல அது ஊறிப் பூஞ்சை பிடிச்சு, பூச்சிங்க மொய்ச்சு, பார்க் காவலர்களான ரேஞ்சர்கள் உக்காந்து சுத்தம் பண்ண வேண்டியதாப் போச்சு. அதனால விதியை மதிக்கணும், ஆனா உயிரையும் பாக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடியே ரேஞ்சர்கிட்ட "இவங்க சுகர் பேஷன்ட், அவசரத்துக்கு குளுக்கோஸ் மாத்திரை வச்சிருக்கோம்"னு சொல்லிருங்க. மீட்டர்ல 70-க்கு கீழ காட்டுனா கிட்டத்தட்ட 15 கிராம் குளுக்கோஸ், அதாவது 4 கிராம் மாத்திரைன்னா நாலு, சாப்பிட்டு உக்காருங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. துணுக்கு கீழ சிந்தாம, கவரை பாக்கெட்லயே போட்டுக்கங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, உடனே ரேஞ்சரைக் கூப்பிடுங்க. உள்ள செல்போன் சிக்னல் எடுக்காது, அதனால அவங்களைத் தனியா விட்டுட்டு நீங்க முன்னாடி போயிடாதீங்க.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின், இந்த மூணுல எது இருந்தாலும் அன்னைக்கு டோஸ் குறைக்கணுமான்னு ஊர்லேருந்து கிளம்பும்போதே டாக்டர்கிட்ட கேட்டுருங்க, நீங்களா குறைக்காதீங்க. முட்டி வலி இருக்குறவங்க இறங்குறதுக்கும் லிஃப்ட்லயே போங்க, பிக் ரூம் மட்டுமே போதும், அவ்ளோ அழகு, நான் பேச்சில்லாம நின்னுட்டேன்.

இன்சுலின் விஷயம் தனி. பாலைவன வெயில்ல பூட்டுன ஆர்வி சூளை மாதிரி கொதிக்கும், 30 டிகிரியைத் தாண்டுனா இன்சுலின் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீங்க, ஒரு தடவை உறைஞ்சதை உருக்கிப் போட்டா பிரயோஜனம் இல்ல.

சாயங்காலம் வவ்வால் கூட்டம் வெளிய பறக்குறதைப் பாக்க குகை வாசல்லயே உக்காருவாங்க, மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் கண்கொள்ளாக் காட்சி. ஆனா அங்க ஃபோன், கேமரா எதுவும் எடுக்கக் கூடாது, சுகரை ஃபோன்ல காட்டுற சென்சார் உடம்புல போட்டிருந்தா அதையும் முன்கூட்டியே ரேஞ்சர்கிட்ட கேட்டுக்கங்க. பகல்ல அவ்ளோ நடந்ததுக்கு சுகர் ராத்திரி வரைக்கும்கூட இறங்கும், சாப்பாடும் தள்ளிப் போகும். நான் வண்டியிலயே விரல்ல குத்திப் பாத்து, ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டுட்டுத்தான் போய் உக்காந்தேன். ஆமா, எனக்கும் பதினோரு வருஷமா சுகர் இருக்கு.