ஒரே திரையில் இரண்டு வல்லங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க் கரையில் விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதுமாக இருக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மென்பொருள் வேலைக்கு லீவு போட்டு ஊருக்கு வரும் நாட்களில், பிளஸ் டூ போகும் பிள்ளைகள் சிலருக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித் தருகிறேன்.

“இனக்குழு என்றால் என்ன?” என்று கேட்டால் பாடப்புத்தக வரையறை மூச்சுவிடாமல் வரும். கிளாஸ் என்பதைத்தான் இனக்குழு என்கிறார்கள்: ஒரே மாதிரியான பொருள்களை (ஆப்ஜெக்ட்) உருவாக்கும் வார்ப்பு. “சரி, ஒன்றை எழுதிக் காட்டு” என்றால் கை நகராது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. பொருள் என்கிறோம், ஆனால் கண்ணால் பார்க்க ஒரு பொருளையும் நாம் காட்டுவதில்லை.

டர்டில் அதைக் காட்டும்: திரையில் ஓர் ஆமையை நகர்த்திக் கோடு போட வைக்கும் பைத்தான் தொகுதி அது. விண்டோஸில் பைத்தானை நிறுவினாலே அதுவும் கூட வந்துவிடும். அதன் பிறகு இன்டர்நெட்டே வேண்டாம். ஆனால் நான் பார்த்த வகுப்புகளில், லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) சொல்லித்தரச் சதுரமும் நட்சத்திரமும் போட்டதோடு ஆமையை விட்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்ற நினைப்பு. சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபியூர்சைக்கும் லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கியது 1967இல். இனக்குழு, பொருள் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்த நார்வே நாட்டு சிமுலா 67 மொழியும் அதே வருடம்தான். லோகோ வழியாக வந்த ஆமையை வைத்தே சிமுலா வழியாக வந்த பாடத்தை நடத்தலாம், நன்றாகவே நடத்தலாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். டர்டிலில் ஃபார்வர்டு (முன்னே போ) என்று வெறுமனே எழுதினாலும் கோடு வரும். பைத்தான் தானாகவே ஓர் ஆமையை உருவாக்கி நகர்த்திவிடுகிறது. பொருள் அங்கேயே மறைந்துபோகிறது. அதனால் முதல் நாளே இரண்டு ஆமைகளைப் பெயர் சொல்லி உருவாக்கச் சொல்வேன். பைத்தான் 3இல் மாறிக்கு (வேரியபிள்) தமிழ்ப் பெயரே வைக்கலாம்: நீலவல்லம், சிவப்புவல்லம். நீலத்தைத் திருப்பினால் சிவப்பு திரும்பாது. ஒரே ஆசாரி ஒரே அளவில் கட்டிய இரண்டு வல்லத்தில் ஒன்று பாம்பனிலும் இன்னொன்று தொண்டியிலும் நிற்பது மாதிரி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம், திசை, நிறம். இந்தப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

அப்புறம், இரண்டாவது பெயருக்கு முதல் பெயரையே சமமாக எழுதச் சொல்வேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரே வல்லம்தான் நகரும். பதிவெண் ஒன்று, கரையில் கூப்பிடும் பெயர் ஒன்று, படகு ஒன்றே. தனியாக இன்னொன்று வேண்டுமென்றால் குளோன், அதாவது நகல், செய்ய வேண்டும். வேலைக்கு வந்து சில வருடம் ஆனவர்களும் தடுமாறும் இடம் இது. திரையில் ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

மரபுரிமம் என்றால் ஓர் இனக்குழுவின் குணங்களை இன்னொன்று பெற்றுக்கொள்வது. அதற்கு, டர்டிலிலிருந்து விசைப்படகு என்ற இனக்குழுவை உருவாக்கினோம். அதற்கு டீசல் என்று ஒரு பண்பு. ஃபார்வர்டை நாமே மாற்றி எழுதினோம்: பத்துப் புள்ளிக்கு ஒரு லிட்டர் குறையும், தீர்ந்தால் படகு நிற்கும். எல்லோருக்கும் நின்றது. தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தியின் படகு மட்டும் டீசல் குறையாமலே ஓடிக்கொண்டிருந்தது. வரி வரியாகத் தேடினோம். அவள் ஃபார்வர்டு என்பதற்குச் சுருக்கமாக எஃப்டி என்று எழுதியிருந்தாள். டர்டிலுக்குள் அந்தச் சுருக்கப் பெயர் பழைய ஃபார்வர்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் மாற்றி எழுதியது அதற்குத் தெரியாது. நம் இனக்குழுவிலும் எஃப்டிக்குப் புது ஃபார்வர்டைச் சமமாக எழுதியதும் சரியானது. அந்த ஒரு பிழை கற்றுத்தந்ததை நான் ஒரு வாரம் பேசியும் கற்றுத்தந்திருக்க முடியாது. பிழை வந்தால் உடனே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள், கூட உட்கார்ந்து தேடுங்கள்.

எழுதும் ஃபைலுக்கு மட்டும் டர்டில் (turtle.py) என்று பெயர் வைக்க வேண்டாம். பைத்தான் தன்னுடையதை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். வகுப்பு தொடங்கிய முதல் வருடம் பாதி நாள் எங்களுக்கு இதில்தான் போனது. ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் மெயின்லூப் கடைசி வரியில் இல்லையென்றால், படம் வந்த வேகத்தில் ஜன்னல் மூடிக்கொள்ளலாம்.

எஃப்டி பிழையைப் பிடித்த மறுநாள் அந்தப் பெண்ணே வந்து கேட்டாள்: “அண்ணே, டீசல் தீர்ந்தா படகு அப்படியே நிக்கிது. கடல்ல அப்படி விட்டுட்டு வர மாட்டாங்களே, இன்னொரு படகு வந்து கட்டி இழுத்துட்டு வரணும்ல?” ஒரு பொருளை இன்னொரு பொருளின் செயற்கூறுக்குள் (அது செய்யும் வேலையை எழுதி வைக்கும் பகுதி) அனுப்பும் பாடத்தை நான் அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். அன்றைக்கே நடத்தினோம். ‘இழு’ என்று ஒரு செயற்கூறு எழுதி, நின்ற படகை அதற்குக் கொடுத்தாள். சிவப்புப் படகு பின்னாலேயே நீலமும் கரைக்கு வந்தது.